வீடற்றோர் படிவம்

பிப்ரவரி இருபத்தெட்டு. இரவு.
தலையாரி டார்ச் அடிக்க
பாமணி ஆற்றங்கரையில் நடக்கிறேன்.
மூன்று வாரமாக வாசல் வாசலாய் எழுதிய கை
பேனாவைப் பிடித்தபடியே மரத்திருக்கிறது.

மேலத்தெருவில் பூட்டிய வீடு பதினொன்று:
சாவி பக்கத்து வீட்டில், ஆள் திருப்பூரில்.
கீழத்தெருவில் செல்லக்கிளி கேட்டாள்:
"ஆறு மாசம் வேலை பாத்தியான்னு கேக்குறீங்க.
ஆத்துல தண்ணி எத்தனை மாசம் வந்துச்சுன்னு எழுத
கட்டம் இருக்கா டீச்சர்?"
இல்லை.
குறு வேலையாளர் என்று குறித்தேன்.
உளுந்து வயலுக்கு அவள் நடக்கையில் பார்த்தேன்,
அந்த முதுகில் குறுகியது ஒன்றுமில்லை.

இன்றைக்கு வீடற்றோர் கணக்கு.
அறுத்த தாளடியில் வலை கட்டிய வாத்துப்பட்டி,
பக்கத்தில் தார்ப்பாய்.
கொளஞ்சி, மனைவி விருத்தாம்பா,
சாக்கில் உறங்கும் ஒரு பெண்பிள்ளை.

வயது?
"நாப்பது போடுங்க. கூட இருந்தாலும் இருக்கும்."
ஊர்?
"எங்க அறுப்போ அங்க."
படிவத்தில் இல்லாததையும் கேட்டுவிட்டேன்:
வாத்து எத்தனை?
"ஆயிரத்து நூத்தி ஏழு," என்றார் உடனே.
"சாயங்காலம் எட்டு. ஒண்ண நரி தூக்கிருச்சு."

விடிந்தால் ஆறு தாண்டுவார்களாம்,
அந்தப் பக்கம் வேறு மாவட்டம்.
அங்கேயும் யாராவது கேட்டால்
எண்ணியாயிற்று என்று சொல்லச் சொன்னேன்.
தலையாட்டினார், யாரும் கேட்டதில்லை என்பதுபோல.

மூன்று பேர். கையெழுத்துக்குப் பதில் ரேகை.
வாய்க்காலில் இறங்கி நாங்கள் திரும்பும்போது
இருட்டிலிருந்து அவர் குரல்:
"ரெண்டு பேரும் கரையேறிட்டீங்களா?"