இருநூற்றுப் பதினேழு பாகை

பாடாங் செராய் தாண்டி
செம்பனை லோரிகள் திரும்பும் முனையில்
எங்கள் சோதனைக்கூடம்.
உள்ளே இன்னோர் அறை, முழுக்க இரும்பு.
சுவரெங்கும் கரி தோய்ந்த நுரைக்கூம்புகள்,
பலாப்பழத்தை
உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பிவிட்ட மாதிரி.
கதவைச் சாத்தினால்
மண்டோரின் வாக்கிடாக்கிகூட உள்ளே வராது.
என் குரல் வாயைவிட்டு இரண்டடி போய்
அங்கேயே உட்கார்ந்துகொள்ளும்.

சுழல்மேசை நடுவில் அந்தச் செயலி,
பிஸ்கட் அகலம்,
நொடிக்கு முந்நூற்றிருபது கோடித் துடிப்பு.
கணக்குப் போடுவது அதன் வேலை,
போடும்போது முணுமுணுப்பது அதன் சுபாவம்.
முணுமுணுக்கட்டும்.
திரையில் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது,
அதற்குக் கீழே என்றால் எனக்கென்ன.

இரவு பதினொன்றே கால்.
மேசை மெல்லச் சுற்றுகிறது,
ஆன்டெனா கம்பத்தில் ஏறி இறங்குகிறது,
எதையோ தொலைத்துவிட்டுத் தேடுபவள் போல.
நூறு. நூற்றைம்பது. இருநூறு.
பச்சைக்கோடு புல்தரை.
இருநூற்றுப் பதினேழில்
ஒரு முள்
சிவப்பைக் கிழித்துக்கொண்டு நிமிர்ந்தது.
மூன்று டெசிபல் கூடுதல்.

ஹஸ்லிண்டா மைலோ கலக்குவதை நிறுத்தினாள்.
திரை மூலையில் வாடிக்கையாளர்,
அவர் ஊரில் வெயில், சட்டைக்காலர் விறைப்பு.
"ஒரே ஒரு கோணம்தானே, மிஸ் தனேஸ்வரி?
இருநூற்றுப் பத்தில் நிறுத்திவிட்டு
இருநூற்று இருபதில் தொடங்கினால் என்ன?"
மென்மையாகத்தான் கேட்டார்.
வியாழக்கிழமை கப்பலாம்.

சுற்றியிருப்பது முந்நூற்றறுபது பாகை.
உலகத்தில் யாரோ ஒருவர்
இருநூற்றுப் பதினேழில்தான்
கட்டில் போட்டிருப்பார்,
நெஞ்சில் ஒட்டிய வயர்களோடு.
இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.
"லைன் சரியில்லை சார்" என்று
அழைப்பை வைத்தேன்.
அது பொய். லைன் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு மோப்பம்.
கம்பிவளையத்தைக் கையில் பிடித்து
கேபிள் ஓரம், காற்றுத்துளை, நினைவகப் பட்டை,
ஒவ்வொன்றாய் நீட்டிப் பார்த்தோம்.
கடிகாரக் கம்பியைத்தான் சந்தேகித்தேன்,
அது சாது.
குற்றவாளி மேலே இருந்தது:
சூடு ஆற்ற வைத்த அலுமினியத் துடுப்பு.
திருகுகள் நான்கும் பிளாஸ்டிக்,
தரையோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை.
கீழே முணுமுணுத்ததை
மேலே வாங்கி
ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது
பாவம், குளிர்விக்கத்தான் வந்தது.

ஹஸ்லிண்டா இழுப்பறையைக் கொட்டி
நான்கு செப்புச் சுருள்களைப் பொறுக்கினாள்,
நகக்கண் அளவு.
மூலைக்கு ஒன்று வைத்து அமுக்கினோம்.
மறுபடி கதவு, மறுபடி சுழற்சி.
இருநூறு. இருநூற்றுப் பத்து.
அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.
பதினேழு வந்தது,
கோட்டுக்கு ஐந்து டெசிபல் கீழே
ஒரு சின்ன விக்கல், அவ்வளவுதான்.

வெளியே வந்தபோது மணி நான்கு நாற்பது.
கைப்பேசி ஒரேயடியாகப் பதினொரு முறை அதிர்ந்தது,
ஆறு அவருடையது.
முதல் லோரி பழக்குலைகளோடு
தகரம் தடதடக்கத் திரும்பியது.
அதற்கு யாரும் கோடு போடவில்லை.

ஓவர்டைம் தாளில்
காரணம் என்ற கட்டம் ரொம்பச் சிறியது.
217 என்று மட்டும் எழுதினேன்.
மிஸ்டர் ஊய் கூப்பிட்டுக் கேட்கட்டும்.