வாடகை குறைந்த வீடு

ஓடுபாதை முடிகிற பக்கமாய்
தம்பி வீடெடுத்திருக்கிறான்.
இரத்மலானையில் இந்த ஒழுங்கைக்கு மட்டும்
வாடகை ஐயாயிரம் குறைவு.
சத்தத்துக்காகக் கழிக்கிறார்களாம்.
காது கேளாதவனுக்கு
சும்மா கிடைத்த காசு.

வீட்டுக்காரி மிசிஸ் விதானகே.
தகப்பன் வெள்ளைக்காரனுக்கு
இந்தப் பாதையில் மண் சுமந்தவராம்.
யப்பான்காரன் வந்த ஈஸ்டர் ஞாயிறு
கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
கானுக்குள் கிடந்தாராம்.
பின்வளவில் ஒரு கொங்கிறீற்றுப் பதுங்குகுழி.
உள்ளே தேங்காய் மட்டை,
பேரனின் சில்லில்லாத சைக்கிள்.
உங்களிடத்திலும் இருந்ததா என்று கேட்டாள்.
என் சிங்களத்தில் பனங்குற்றிக்குச் சொல்லில்லை.
கைகளை வட்டமாக்கிக் காட்டினேன்.
அவள் அதைத் தூணென்று எடுத்துக்கொண்டு
பெரிய வீடு போலும் என்றாள்.

தொண்ணூற்றேழில்
விடிய நாலு மணிக்கு இங்கே வந்து
பதினொன்று வரை நின்றிருக்கிறேன்.
பாதுகாப்பு அமைச்சின் கடிதம்,
அதற்கு மூன்று பிரதி.
பையோடு சேர்த்து என்னையும்
தராசில் ஏற்றினார்கள்.
விமானம் சின்னது,
பாரத்தைப் பங்கிட்டு இருத்த வேண்டும்.
மெலிந்த ஆட்கள் பின்னுக்கு என்றான்
சட்டையில் நிஸ்தார் என்று பெயர் குத்தியிருந்தவன்.

சோப்பை ஊசியால் குத்திப் பார்த்தார்கள்.
பாவாடைக் கரையைப் பிரித்தார்கள்.
மருந்துப் பெட்டிக்குள் ஆறு பற்றறி,
உளுந்தை விடக் கொஞ்சம் பெரிது,
தம்பியின் காது மெசினுக்கு.
டொக்டரின் துண்டைக் காட்டினேன்.
என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண் சிப்பாய்க்கு,
நெற்றி நிறைய வியர்க்குரு.
இரண்டு தரம் வாசித்தாள்.
பிறகு மேசையிலிருந்த ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள்
ஒவ்வொன்றாகப் போட்டாள்.
ணிங்.
ணிங்.
ஐந்து தரம்.
ஆறாவதை, என்னைப் பார்க்காமலே,
என் உள்ளங்கைக்குள் வைத்து அழுத்தி
அடுத்த ஆள் என்றாள்.

யன்னல் மூடிய பஸ்ஸில்
பலாலியிலிருந்து அதைக் கொண்டுபோனேன்.

பத்து நாளைக்குக் காணும் என்றார்கள்.
கப்பிக் கிணற்றைக் கேட்டான்.
அம்மாவின் இருமலைக் கேட்டான்,
இவ்வளவு சத்தமா என்று கையால் கேட்டான்.
எட்டாம் நாள் முகாமிலிருந்து ஷெல் குத்தினார்கள்.
மெசினைக் கழற்றி
பற்றறியைக் கடதாசியில் சுற்றி
மிச்சத்தைச் சேமிக்கிறேன் என்றான்.
ஒன்பது வயது.

அதற்குப் பிறகு
எல்லாரும் ஓடினால் ஓடுவான்.
எல்லாரும் விழுந்தால் விழுவான்.
ஒருநாள் அறுத்துக்கொண்டு ஓடிய மாட்டுக்குப் பின்னால்
ஊரே ஓட,
இவன் மட்டும் பதுங்குகுழிக்குள் போய்
மத்தியானம் வரை இருந்தான்.
சிரித்தோம். அவனும் சிரித்தான்.
யாருமே போய்க் கூப்பிடவில்லை என்பது
இரவுதான் எனக்கு உறைத்தது.

இப்போது சார்ஜ் போடும் மெசின் வைத்திருக்கிறான்.
வேலைக்குப் போகையில் போடுவான்,
வீட்டில் லாச்சிக்குள்.

இரவல்ல, பட்டப்பகல். சனிக்கிழமை.
பாணும் சம்பலும் மேசையில்.
யாழ்ப்பாண விமானம் கிளம்புகிறது.
கட்டுநாயக்காவுக்குப் போகாமல்
இங்கிருந்தே போகலாம் இப்போது,
ஒன்றரை மணித்தியாலம்,
தராசில் ஏற்றினாலும் ஏற்றுவார்கள்.
கிளாசில் தண்ணீர் நடுங்குகிறது.
மிசிஸ் விதானகே கொடியில் உடுப்பு விரிக்கிறாள்,
நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தண்ணீரைப் பார்த்துத்தான் அறிகிறான்
என்று நினைத்திருந்தேன் இவ்வளவு நாளும்.
இல்லை.
அவன் கண் கிளாசில் இல்லை, சுவரில் இல்லை.
என் முகத்தில்.
யார் ஓடுகிறார்கள் என்று
வாசல் பக்கம் திரும்புகிற
என் முகத்தில்.

சம்பல் கோப்பையை என் பக்கம் தள்ளுகிறான்.
விமானம் இன்னும் கூரைக்கு மேலேதான்.
கையால் சொல்கிறான்:
போயிட்டுது.