கொடிக்கு வெளியே நான்கு விரல்

ஆட்டத்துக்கு முன் அணித்தலைவிகள் இருவரையும்
ஹோம் தட்டருகே கூப்பிட்டேன்.
நடுவர் நான். பகலில் தபால் வண்டி ஓட்டுகிறவள்.
மனிடோபாவின் இந்த மூலையில்
சாஃப்ட்பாலுக்கென்று யாரும் மைதானம் வெட்டவில்லை.
மாட்டுச்சந்தை போக மிஞ்சிய இடம்.

பாப்லர் மரக்கிளையில் பட்டால்
பந்துக்கு உயிருண்டு, ஆடுங்கள்.
மதகுக்குழாய்க்குள் போனால் செத்தது; இரண்டு தளம்.
தடுப்பவள் இரு கையும் தூக்க வேண்டும்.
தூக்காமல் குனிந்து துழாவினால்
அது அவள் பாடு.
டூயெக்கின் டிராக்டரைப் பற்றிப்
போன வருஷமே சண்டை போட்டு முடித்தாயிற்று.

"புதுசா ஒண்ணு இருக்கு" என்றாள் ஒரிசியா.

வலக்கோடியில், சரளைக்கல் விளிம்பில்
கில்டீர் முட்டையிட்டிருந்தது. ஆள்காட்டி வம்சம்.
கூடு என்று எதுவுமில்லை.
நாலு முட்டை, கூர்முனைகள் நடுவில் கூடி,
நாலும் கல்லாகவே கிடந்தன.
பெர்கிட் தன் காரிலிருந்து
நில அளவைக்காரர்களின் ஆரஞ்சுக் கொடிகளை எடுத்துவந்தாள்.
குத்தினோம்.
உள்ளே உருண்டால் செத்த பந்து, இரண்டு தளம்.
மூவரும் தலையாட்டினோம்.
பறவையைக் கேட்கவில்லை.

கடைசி இன்னிங்ஸ். ஐந்துக்கு ஐந்து.
ஹால்டோரா அடித்தது வலக்கோடிக்குப் பறந்து,
விழுந்து, உருண்டு,
கொடிகளை நெருங்கும்போது நடையாகி,
நின்றது.

பறவை கத்திக்கொண்டு வெளியே வந்தது.
ஒரு சிறகு ஒடிந்து தரையில் இழுபட,
என்னைப் பிடி, என்னைப் பிடி என்று.
அது நடிப்பென்று இந்த ஊரில்
கைக்குழந்தைக்கும் தெரியும்.
தெக்லாவுக்கும் தெரியும்.
ஆனாலும் நின்றாள்.
இரு கையும் தூக்கினாள்.

ஹால்டோரா இரண்டைத் தாண்டி, மூன்றைத் தாண்டி
ஓடிக்கொண்டிருந்தாள்.
நான் எதிர்த்திசையில் ஓடி
புல்லில் மண்டியிட்டுப் பார்த்தேன்.
கொடிக்கு வெளியே.
நான்கு விரல் வெளியே.

பந்துக்கு உயிருண்டு என்றேன்.
என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஒரிசியா வந்தாள். சண்டைக்குத் தயாரானேன்.
அவள் தெக்லாவைத்தான் பார்த்தாள்.
இன்னும் இறக்காத அந்தக் கைகளை.
"வெளியதான் கிடந்துச்சு, பாத்தேன்" என்றாள் தெக்லா.
"ஓடி வந்த வேகத்துல குனிஞ்சிருந்தா
மிதிச்சிருப்பேன்."

பறவை சிறகை மடித்துக்கொண்டு
ஒன்றும் நடக்காததுபோல நடந்துபோய்
நாலு கல்மேல் உட்கார்ந்தது.

ஆறு, ஐந்து.
அடுத்த வியாழன் முதல் கொடிகள் ஓர் எட்டு தள்ளி
என்று குறிப்பேட்டில் எழுதினேன்.
குஞ்சு போகும்வரை என்று
கீழே பெர்கிட் சேர்த்தாள், எழுத்துப்பிழையோடு.
பந்தை யாரும் எடுக்கப் போகவில்லை.
இருப்பில் ஒன்று குறைவு என்று
நானே கையெழுத்திட்டேன்.