சொறியாமல் இருக்கும் பாடம்

மணி எட்டரை. கோஹ்த்லா-யார்வேயில்
இன்னும் விடியவில்லை.
சுரங்கத்தின் சாம்பல் மேடு
இருட்டுக்குள் இன்னொரு இருட்டாக நிற்கிறது.
பள்ளிக் காவலாளி விதாலி இடுக்கியோடு
ஊஞ்சலடியில் குனிந்து குனிந்து தேடுகிறார்.
பிள்ளைகள் வருமுன் பனியிலிருந்து
ஊசிகளைப் பொறுக்கிவிட வேண்டும்.
நேற்று இரண்டு. திங்களன்று ஏழு.
அதற்கென்றே ஒரு ஊறுகாய் ஜாடி வைத்திருக்கிறார்.
அதன் மூடியைத் திருகும் சத்தம்தான்
எங்கள் பள்ளியின் முதல் மணி.

இரண்டாவது மணி என்னிடம் இருக்கிறது.
பித்தளைக் கிண்ணம், உள்ளங்கை அளவு.
தல்லினில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்து
கையெழுத்து வாங்கிக்கொண்டு தந்தார்கள்.
படிவத்தில் இப்படி இருந்தது:
‘போதைத் தடுப்புக் கருவி, ஒன்று.’
அன்றிரவு சமையலறை மேசையில் வைத்து
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நான் குடியிருக்கும் படிக்கட்டில் மட்டும்
மூன்று கதவுகளுக்குப் பின்னால் மூன்று தாய்மார்,
பிள்ளையின் செருப்பை இன்னும் எடுத்து வைக்காதவர்கள்.
இதையா, அதற்கெதிராக?

முதல் நாள், கண்ணை மூடுங்கள் என்றேன்.
பதினெட்டுப் பேர் மூடினார்கள்.
வசிலீசா மூடவில்லை.
“மூடினா அம்மா தரையில கிடக்கறது தெரியுது.”
பென்சில் உடைந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள்.
பயிற்சிப் புத்தகத்தில் இதற்குப் பக்கம் இல்லை.
அன்றிலிருந்து எங்கள் வகுப்பில்
கண்கள் திறந்தே இருக்கும்.
ஜன்னலைப் பார்க்கலாம், ஷூவைப் பார்க்கலாம்,
முன்னால் இருப்பவனின் காதுமடலைப் பார்க்கலாம்.

அந்த மருந்துகளின் பெயர் எதையும் நான் சொல்வதில்லை.
எட்டு வயதுக்கு அவை
என்னைவிட நன்றாகத் தெரியும்.
நான் சொல்லித் தருவது கம்பளிச் சட்டையை.
கழுத்தோரம் அரிக்கிறதா? சொறியாதீர்கள்.
சும்மா இருங்கள்.
அது எறும்பா, தீக்குச்சியா? என்ன நிறம்?
பெருகுகிறதா? பெருகட்டும்.
பத்து மூச்சு.
ரைமோ ஏழாவதிலேயே சொறிந்துவிட்டு
“தோத்துட்டேன்” என்பான்.
தோற்கவில்லையடா,
ஏழு மூச்சு இருந்தாயே.

பெற்றோர் கூட்டத்தில்
திமொஃபெய்யின் அப்பா எழுந்தார்.
“மூணு தடவை சிகிச்சைக்குப் போய் வந்தவன் நான், டீச்சர்.
அது அரிப்பு இல்ல. வெள்ளம்.
வெள்ளத்துக்கு நடுவுல எவன் மூச்சை எண்ணுவான்?”
என்னிடம் பதில் இல்லை.
கூட்டம் முடிந்து எல்லோரும் போனபின்
நாற்காலிகளை அடுக்க அவர் மட்டும் நின்றார்.
இருவரும் பேசாமல் அடுக்கினோம்.

பிப்ரவரி. கொதிகலன் அறைக்குப் பின்னால் நான்,
விட்டுவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிவைத்த சிகரெட்டோடு.
லைட்டர் குளிரில் பிடிக்க மறுத்தது.
தொலைத்த கையுறையைத் தேடிக்கொண்டு
திமொஃபெய் வந்து நின்றான்.
என் கையைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான்.
“அரிக்குதா, டீச்சர்?”
ஆமாம்.
“எங்க?”
தொண்டை என்றேன். பொய்.
கொஞ்சம் பொறுத்து, நெஞ்சு என்றேன்.
அவன் விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தான்.
கையுறை இல்லாத கை, நண்டு போலச் சிவந்திருந்தது.
ஐந்து வரை எஸ்தோனிய மொழியில்,
அதற்குமேல் அவசரத்தில் வீட்டு ரஷ்யனில்.
பத்து வந்தது.
பத்துக்குப் பிறகு என்ன என்று
நான் அவர்களுக்குச் சொல்லித் தந்ததே இல்லை.
அவனும் கேட்கவில்லை.
குழாயடியில் கிடந்த கையுறையைக் கண்டு
பிடித்துக்கொண்டு ஓடிவிட்டான்.

அவன் போனபின் பற்ற வைத்தேன்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
பாதியில் நசுக்கினேன், அது வீரமல்ல, குளிர்.
ஆனாலும் அந்தப் பத்து மூச்சு
நான் இருந்ததுதான்.
அதைப் புகை வந்து அழித்துவிடவில்லை.

மறுநாள் காலை விதாலியின் ஜாடியில் நான்கு.
உள்ளே போய்க் கிண்ணத்தைத் தட்டினேன்.
ரைமோ எட்டு வரை வந்தான்.