பத்து மில்லிமீட்டர்

சுவரைப் பார்த்து நில்லுங்க என்றாள் ஷகிலா.
கட்டைவிரல் நான்கு விரற்கடை தள்ளி இருக்கணும்,
குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொடணும்.
இடது தொட்டது.
வலது பாதியில் நின்றது.
மூன்று விரற்கடை. இரண்டு.
ஒன்றில்தான் தொட்டது,
அதுவும் பொய் என்று
என் குதிகாலடியில் ஒரு ரசீதை
நுழைத்து எடுத்துக் காட்டினாள்.

செவ்வாய்ப்பேட்டையில் பதினோரு வருஷமாகக்
கொலுசுக்குக் கணக்கு எழுதுகிறேன்.
ஒன்பதரை அங்குலம், பத்து, பத்தரை,
ஊர்ப்பட்ட கணுக்கால்களின் சுற்றளவு தெரியும்.
எவ்வளவு மடங்கும் என்று
எந்தச் சீட்டிலும் யாரும் கேட்டதில்லை.

கொண்டலாம்பட்டி பைபாஸில் டெம்போ இடித்தது.
எலும்பு கூடியது.
மடிப்பு மட்டும் திரும்பி வரவில்லை.

தட்டை ஷூ போடுங்கக்கா என்றார் மாதையன்,
வெறுங்கால் மாதிரி, அதுதான் இயற்கை.
இயற்கைக்கு நாலாயிரத்து எழுநூறு கொடுத்தேன்.
அடிவாரத்தில் விடிகாலை ஐந்து மணி,
இரண்டாம் வளைவு வரை பேச்சும் சிரிப்பும்.
மலை காலிடம் கேட்பது ஒன்றுதான்:
மடங்கு.
முடியாது என்றது என் கால்.
தட்டை ஷூ அதற்காக ஒரு வார்த்தை
பரிந்து பேசவில்லை.
பிழியாத போர்வையைத் தாங்கும் கொடியாய்
குதிநாண் இழுபட,
பாதம் தானாகவே வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ள,
ஐந்தாம் வளைவின் கட்டைச் சுவரில் உட்கார்ந்து
கெண்டைக்காலைப் பிசைந்தேன்.
பிஸ்கட் பிரிக்கிறேன் என்று
குரங்கொன்று பக்கத்தில் வந்து காத்திருந்தது.

நாலு ரோட்டுக் கடையில் வேறொரு ஜோடி.
முன்பாதத்தைவிடக் குதிகால்
பத்து மில்லிமீட்டர் உயரம்.
ஐந்தாறு ரெண்டு ரூபாய்க் காசை
அடுக்கினால் வரும், அவ்வளவுதான்.
அதைப் போட்டுச் சுவர் முன் நின்றேன்:
மூன்று விரற்கடை!
ஷகிலா கைதட்டவில்லை.
கால் மாறலக்கா,
ஷூ கடன் கொடுத்திருக்கு, என்றாள்.

கடன்தான். இருந்தாலும்
ஏழாம் வளைவு, எட்டு, ஒன்பது,
மூச்சு வாங்கியதே தவிரக் கால் வலிக்கவில்லை.
பன்னிரண்டில் திரும்பிப் பார்த்தால்
கீழே சேலம், இன்னும் அணைக்காத விளக்குகளோடு,
மெருகு போடும் முன் கொட்டிவைத்த
வெள்ளி மணிகள் மாதிரி.
அந்தச் சந்தோஷத்தில் இறக்கத்திலும் ஓடினேன்.
வட்டிக்காரன் அன்று இரவே வந்தான்,
சத்தமில்லாமல்,
இரண்டு முழங்காலிலும்.

இப்போது ஏறுவது ஓட்டம், இறங்குவது பஸ்.
கண்டக்டருக்குப் பழகிவிட்டது,
ஈர ஷூவை மடியில் வைத்தால்
காலடியில் வைங்கம்மா என்பதோடு சரி.
வீட்டில் தினமும் சுவர் முன் நிற்கிறேன்,
மூன்று மாதத்தில் அரை விரற்கடை கூடியிருக்கிறது,
அல்லது என் விரல் மெலிந்திருக்கிறது.

நேற்று சீட் கிடைக்காத ஒருத்தி,
எஸ்டேட் வேலைக்காரி, ரப்பர் செருப்பு,
மிளகு மூட்டையைப் பிடித்தபடி
நடுவழியில் குந்தியிருந்தாள்.
வண்டி ஒவ்வொரு வளைவிலும்
எங்களை ஜன்னலோடு சேர்த்து அறைந்தது.
அவள் அசையவில்லை.
அடிவாரம் வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தேன்,
கொலுசு பத்து அங்குலம் இருக்கும்,
குதிகால்
ஒரு ரசீது நுழையும் அளவுக்குக்கூட
எழவில்லை.