செத்த பந்து

இரவெல்லாம் அவர்கள் என்னைத் திட்டியது
நான் சரியாகச் சொன்ன ஒன்றுக்காக.
முதல் பாதி முடியும் நேரம், கூடையடியில்
காப்பவன் கால் ஊன்றி நின்றிருந்தான்,
வந்தவன் தோளைக் கொடுத்து இடித்தான். ஊதினேன்.
மூன்றாம் வரிசையில் பாப்கார்ன் வாளியோடு ஒருவர்
என் அம்மா வரைக்கும் போனார்.
போகட்டும்.
அது கண்ணின் கணக்கு. கண் பிசகினாலும்
திருத்தப் புத்தகத்தில் இடமில்லை.
இடமில்லாததால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.

சொல்ல வந்தது வேறு.

மூன்று நிமிடம் நாற்பத்தொரு நொடி மீதி.
முழங்கையில் அடி வாங்கியவன் பன்னிரண்டு.
விசில் என்னுடையது.
அடித்தவன் எண்ணைச் சொல்ல மேசைக்கு நடந்தேன்,
விரல் உயர்த்திக் காட்டினேன்,
எழுதுகிறவள் தலையாட்டினாள்.
என் முதுகுக்குப் பின்னால்
கோட்டில் வந்து நின்றவன் இருபத்தொன்று.
அதே இரண்டு இலக்கம், இடம் மாறி.
நான் சொல்லியிருப்பேன் என்று வென்டெல் இருந்தான்,
வென்டெல் பார்த்திருப்பான் என்று டெல்ஃபின் இருந்தாள்,
நான் இரண்டு பேரையும் நம்பினேன்.
மூன்று பேர் நம்பிக்கைக்கு நடுவே
ஆறரை அடி ஆள் ஒருவன்
தாராளமாக நடந்து போகலாம்.

இரண்டு வீசினான்.
இரண்டும் வளையத்தைத் தொடாமல் இறங்கின.
பன்னிரண்டின் கை அப்படி இல்லை,
இரண்டுக்கு ஒன்று போனால் அதிகம்.

விதி என்றால் எங்களுக்குப் புத்தகம்,
தலையெழுத்து அல்ல.
புத்தகம் சொல்கிறது: ஆள் மாறி வீசினால் திருத்தலாம்,
கடிகாரம் ஓடி, பந்து ஒருமுறை செத்து,
மறுபடி உயிர்பெறுவதற்குள்.
அதற்குள் என்றால் அதற்குள்.
பிறகு அந்தப் புள்ளிகள் பலகையில் ஏறியது ஏறியதுதான்.

பந்து என் முன்னால் செத்தது, பக்கக் கோட்டுக்கு வெளியே.
குனிந்து எடுத்தேன்.
யார் யாரோ வியர்வையில் வழவழவென்று இருந்தது.
உள்ளே எறிய வேண்டிய பையன் கை நீட்டினான்.
அவன் தோளுக்கு அப்பால்
பன்னிரண்டு முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.
தேய்த்தபடியே என்னைப் பார்த்தான்.
உடனே தரையைப் பார்த்தான்.

கைவிட்டேன்.
பந்தைத்தான்.

எழுபத்தொன்று, எழுபது.
தோற்ற அணியின் கோச் ஹாலிஸ் கை குலுக்கும்போதும்
அந்த முதல் பாதி இடியைப் பற்றியே கேட்டார்.
பொறுமையாக விளக்கினேன்.
அவ்வளவு பொறுமை எனக்கு எங்கிருந்து வந்ததோ.

பகலில் நான் தானியக் கிடங்கில் லாரி எடை போடுகிறவன்.
எடை பிசகினால் சீட்டைக் கிழித்துவிட்டு
வண்டியைத் திரும்பத் தராசில் ஏற்றச் சொல்வேன்.
டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுவார்.
சோளம் எங்கேயும் ஓடிப்போவதில்லை.

இப்போது தெற்கு டகோட்டாவில் மணி பதினொன்று.
பனி சாலையைக் குறுக்கே கடக்கிறது,
தரையோடு தரையாக, மாடு விரட்டிய கோழி மாதிரி.
டெல்ஃபின் ஓட்டுகிறாள்.
வென்டெல் ஷூவைக் கழற்றிவிட்டுத் தூங்குகிறான், நாற்றம்.
என் மடியில் போன், போனில் படிவம்.
நள்ளிரவுக்குள் அனுப்ப வேண்டும்.

"யாரும் கேட்கலையே, ஓரின்."
"கேட்கலை."
"அப்ப?"
அதற்கு மேல் அவளும் பேசவில்லை.

பிழையின் வகை: எழுதினேன்.
பொறுப்பு: என் பெயர்.
பிழை கண்டறியப்பட்டபோது கடிகாரத்தில் நேரம்:
இந்தக் கட்டத்தில்தான் பத்து மைலாக நிற்கிறேன்.

மூன்று நிமிடம் பத்தொன்பது நொடி.
கடிகாரம் நின்றிருந்தது அல்லவா.
பந்து என் கையில் இருந்தபோதும் மூன்று பத்தொன்பது,
கையை விட்டுப் போன பிறகும் மூன்று பத்தொன்பது.
எதை நினைத்து எழுதினாலும்
எண் உண்மை.

எழுதினேன்.

முன்னால் ஒரு பஸ்ஸின் சிவப்பு விளக்குகள்.
பின் கண்ணாடியில் தலைகள், சில சாய்ந்து, ஒன்று நிமிர்ந்து.
அவர்கள் பஸ்தான்.
டெல்ஃபின் விளக்கைத் தாழ்த்தினாள்.
சாலை காலியாகத்தான் இருந்தது, எதிரே ஒருவரும் இல்லை.
அவள் முந்தவில்லை.
முந்து என்று நானும் சொல்லவில்லை.