எங்கள் ஊர், பத்து வரிகளுக்கு மிகாமல்

ராத்திரி ஒன்பதரைக்கு அமலி கூப்பிட்டாள்.
அங்கே அப்போது ஒரு மணி.
"வகுப்புல எழுதச் சொல்லிருக்காங்கண்ணா,
'எங்கள் ஊர்', பத்து வரிக்கு மிகாம.
நீ தமிழ்ல சொல்லு, நான் மாத்திக்கிறேன்."

முதியோர் இல்லத்தில் நைட் டியூட்டி அவளுக்கு.
போனை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.
சைக்கிள் ஸ்டாண்டில் சைக்கிள்களைக் காணோம்,
வெள்ளைக்கு மேலே கைப்பிடிகள் மட்டும்
மாட்டுக் கொம்பு மாதிரி.

சரி, எழுதிக்கோ.
எங்கள் ஊருக்குக் கொண்டை ஊசி வளைவு இருபது.
ஏறும்போது எல்லோரும் எண்ணுவார்கள்.
இறங்கும்போது எண்ணியவரைப்
பதினேழு வருஷக் கண்டக்டர் நான் பார்த்ததில்லை,
அப்போது கை கவரைத்தான் தேடும்.

மக்கள்தொகை?
எந்தக் கிழமை என்று கேட்டேன்.
மே மாத ஞாயிறு என்றால் ஒண்டிக்கடையில்
எள் போட்டால் எள் விழாது,
விழுந்தாலும் அதோடு ஒரு செல்ஃபி எடுப்பார்கள்.
கார்த்திகைப் புதன் என்றால்
கடைசி டிரிப்பில் பதினொரு பேர்.
அதில் ஒருவர் செம்மநத்தம் பூசாரி.
டிக்கெட் எடுத்ததும் தூங்கிப்போவார்,
அவர் ஊர் வரும்போது அவரே எழுந்துவிடுவார்.

விளைபொருள்?
காபி, மிளகு, பலா.
ஆரஞ்சு என்று எழுதாதே.
ஏரியோரத்துக் கூடையில் இருக்கிற ஆரஞ்சுக்கு
நான்தான் லீ பஜாரிலிருந்து லக்கேஜ் போட்டேன்.

தட்பவெப்பம்?
அடிவாரத்தில் சட்டை பித்தானைக் கழற்றுகிறவன்
ஒன்பதாவது வளைவில் துண்டைக் காதில் கட்டுவான்.
உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும்.
தீப்பெட்டி அரிசிக்குள் குடியிருக்கும்.
துவைத்த யூனிஃபார்ம் நாலாம் நாளும் ஈரம்,
ஐந்தாம் நாள் அதையே போட்டுக்கொள்வேன்.

"சிறப்பு ஏதாவது சொல்லு" என்றாள்.
எனக்கு நேற்று ராத்திரி ஞாபகம் வந்தது.

பதினான்காம் வளைவில் மேகம் ரோட்டில் படுத்துவிட்டது.
மாதேசு லைட்டை எரித்தான், வெள்ளை.
அணைத்தான், கறுப்பு.
இறங்கி, பஸ்ஸுக்கு முன்னால் நடந்தேன்,
வலக்கையில் செல்போன் வெளிச்சம்,
இடக்கையால் தடுப்புச் சுவரைத் தடவியபடி.
பின்னால் பத்துப் பேரும் ஒரு பூசாரியும்
முதல் கியரில் முனகிக்கொண்டு வந்தார்கள்.
சுவர் முடிந்த இடத்தில்
சூடான ஒரு மூச்சு முகத்தில் பட்டது.
காட்டெருமை.
அதற்கும் ரோடு தெரியவில்லை போல.
நான் நின்றேன், அது நின்றது, பஸ் நின்றது.
ஜன்னலில் யாரோ "ஏன் சார், ஸ்டாப்பிங்கா?" என்றார்கள்.
பிறகு அது பெரிய மனசு பண்ணி
சில்வர் ஓக் பக்கமாக ஒதுங்கியது.

அமலி சிரிக்கவில்லை.
அங்கேயும் ரோட்டோரம் நெடுகக் கம்பு நட்டிருப்பார்களாம்,
பனி மூடினால் ரோடு எதுவரை என்று
வண்டிக்காரனுக்குத் தெரிவதற்கு.
ஊரில் பள்ளிக்கூடம் மூடியாயிற்று.
இல்லத்துப் பெரியவர்களில் ஒருத்தர்
தினமும் காலையில் மண்வாரி கேட்பாராம்,
கூரையில் ஏறித் தள்ள வேண்டும் என்று.
வயது தொண்ணூற்றிரண்டு.
இவள் சாப்பாட்டுக் கரண்டியைக் கொடுத்தாளாம்,
அவர் வாங்கி, எடை பார்த்துவிட்டு,
திருப்பித் தந்துவிட்டார்.

"டீச்சர் கேட்டாங்கண்ணா,
இதுக்கு உங்க பாஷையில எத்தனை பேருன்னு.
இங்க நிறைய இருக்கு.
நான் பனின்னு ஒண்ணு சொன்னேன்."

ஒன்று போதுமே.
மார்கழிப் புல்லில் இருப்பதும் பனி,
மாதேசு திட்டுவதும் பனி,
உன் சைக்கிளைத் தின்றதும் பனி.
கண்ணுக்கும் அது உண்டு,
அதைப் பத்து வரிக்குள் எழுதாதே.

"எத்தனை வரி ஆச்சு?"
எண்ணவில்லை.
அவளுக்கு மணி அடித்தது, ஏழாம் நம்பர் படுக்கை.
போனை மேசையில் வைத்துவிட்டு ஓடினாள்.
அணைக்க மறந்துவிட்டாள்.
கொஞ்ச நேரம் அந்த ஊரின் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
டியூப் லைட் ஒன்று
நம் பஸ் ஸ்டாண்டில் மாதிரியே சிமிட்டியது.

காலை ஐந்தே முக்காலுக்கு முதல் டிரிப்.
மாதேசு கேட்டிருக்கிறான்,
கண்ணாடி துடைக்க ஒரு பழைய லுங்கி.